விசர்நாயும் தோட்ட எல்லையும்: ஊவா மலைநாட்டில் நீர்வெறுப்பு நோயின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயினால் மாண்டனர். அவ்வாண்டுக்குச் சரியாக எண்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1893இலேயே, இந்நோயைத் தடுப்பதற்கெனத் தனியானதொரு கட்டளைச் சட்டம் இத்தீவில் நிறைவேறியிருந்தது. 1901இல் நாய்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டமும் அதனைத் தொடர்ந்தது. நோய் எவ்வழியாகப் பரவுகின்றது என்பது ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்டிருந்தது. கடியுண்டவரைக் காக்கும் ஊசிமருந்தும் கண்டறியப்பட்டிருந்தது. அறிவும் சட்டமும் மருந்தும் ஒருங்கே இருந்தும் நூற்றுக்கணக்கானோர் ஆண்டுதோறும் மாண்டமைக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர் மருத்துவ வரலாற்றை மட்டும் நோக்குதல் போதாது. நிருவாக வரலாற்றையும் உழைப்போரின் வாழ்க்கை வரலாற்றையும் உடன் நோக்குதல் வேண்டும். அவ்வகையில் பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத்தின் தோட்டப் பகுதிகள் சிறந்ததோர் ஆய்வுக்களமாக அமைகின்றன. ஒரே மலையில், ஒரே தெருவின் இருமருங்கிலும், ஒருபுறம் கிராமமும் மறுபுறம் தோட்டமுமாக இருவேறு ஆட்சிகள் நிலவிய பகுதி அது. நாய்க்கோ அவ்வெல்லை தெரியாது.

நோயும் பண்டைய அறிவும்

நாயும் மனிதனும் கொண்ட உறவு மிகத் தொன்மையானது. தமிழில் நாயைக் குறிக்க ஞமலி, ஞாளி முதலிய பழஞ்சொற்கள் வழங்கியமை இவ்விலங்கு தமிழர் வாழ்வில் பெற்றிருந்த இடத்தைப் புலப்படுத்தும். காவலுக்கும் வேட்டைக்கும் துணையாய் நின்ற அவ்விலங்கே சிற்சில வேளைகளில் வெறிகொண்டு உயிர்குடிக்கும் பகையாகவும் மாறிற்று. இம்மாற்றத்தைப் பண்டைய மருத்துவர் நன்கு அவதானித்திருந்தனர். வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையின் கற்பத்தானம் என்னும் பகுதி, வெறிகொண்ட நாய், நரி முதலிய விலங்குகளின் கடியையும், கடியுண்டவர் நீரைக் கண்டு அஞ்சும் நிலையையும் விவரித்து, அந்நிலை எய்தியவர் பிழைப்பதரிது எனக் கூறுகின்றது. நோயின் முடிவைப் பற்றி அந்நூல் கூறியதனை இன்றைய மருத்துவமும் மாற்றிவிடவில்லை. நோய்க்குறிகள் வெளிப்பட்டபின் உயிர் பிழைத்தோர் உலகிலேயே மிகச் சிலர்.

நீர்வெறுப்பு எனத் தமிழில் வழங்கும் இந்நோய் ஒரு வைரசினால் உண்டாவது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலிருந்து கடிவாயின் வழியாக உடலுட் புகும் வைரசு குருதியிற் கலந்து விரைவதில்லை. நரம்புகளின் வழியே மெல்ல மெல்ல ஊர்ந்து மூளையை அடைகின்றது. அதற்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மாதங்கள் செல்லும். சிலவேளைகளில் ஒரு வாரத்திலும், சிலவேளைகளில் ஓராண்டு கடந்தும் நோய் தோன்றுவதுண்டு. தலையிலும் முகத்திலும் கழுத்திலும் பட்ட கடி காலிற் பட்ட கடியினும் கொடிதாவதற்குக் காரணம், அங்கிருந்து மூளைக்குள்ள தூரம் குறைவு என்பதே. சிறுவர் உயரத்திற் குறைந்தவராதலின் அவர்கள் முகத்திலும் கையிலும் கடிபடுவது அதிகம். உலகில் இந்நோயால் இறப்போருள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதுபேர் பதினைந்து வயதுக்குட்பட்டோர் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுவது இதனுடன் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது.

பாஸ்ச்சரும் குன்னூரும்

வைரசு மூளையை அடைய எடுத்துக்கொள்ளும் இக்கால இடைவெளியே மருத்துவத்துக்குக் கிடைத்த வாய்ப்பு. கடித்தபின் ஊசியிட்டும் நோயைத் தடுக்கலாம் என்ற வியத்தகு உண்மையை நிலைநாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ச்சர். 1885ஆம் ஆண்டு யூலை மாதம் 6ஆம் நாள், அல்சாசுப் பகுதியைச் சேர்ந்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு, நோயுற்ற முயல்களின் முள்ளந்தண்டு நாணை உலர்த்திப் பெற்ற மருந்தை அவர் செலுத்துவித்தார். பதின்மூன்று ஊசிகளின் பின் சிறுவன் நோயின்றிப் பிழைத்தான். ஐரோப்பாவின் பல திக்குகளிலிருந்தும் கடியுண்டோர் பாரிஸ் மாநகரை நோக்கிப் பயணமாயினர். மருந்து இருக்கும் இடத்துக்கு நோயாளி செல்லவேண்டும் என்பதே அன்றைய நியதி. அந்நியதி ஏழைகளுக்கு எத்துணைக் கொடியது என்பதைப் பின்னைய வரலாறு காட்டும்.

இந்தியாவில் முதலாவது பாஸ்ச்சர் நிலையம் 1900இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் திறக்கப்பட்டது. தென்னாட்டில் விசர்நாயினாற் கடியுண்டவர் இந்தியத் துணைக்கண்டத்தின் மறுகோடிக்குச் செல்லவேண்டியிருந்தது. 1902இல் லில்லி பாக்கென்ஹாம் வோல்ஷ் என்னும் ஆங்கில மங்கை உரிய காலத்தில் மருத்துவம் பெறாது இந்நோயால் இறந்தமை தென்னாட்டிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கையை வலுப்படுத்திற்று. அமெரிக்கச் செல்வரான ஹென்றி பிப்ஸ் வழங்கிய நன்கொடையின் துணையுடன் 1907இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்ச்சர் நிலையம் தோன்றியது. ஆங்கிலப் பெண்ணொருத்தியின் மரணமே தென்னாட்டுக்கு ஒரு மருத்துவ நிலையத்தை ஈட்டித்தந்தது. அதற்கு முன் கிராமங்களிலும் தோட்டங்களிலும் இதே நோயால் மாண்ட பெயர் தெரியாதோரின் மரணங்கள் அத்தகைய பயனை விளைவிக்கவில்லை.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் செம்மறியாட்டின் மூளையிலிருந்து பெற்ற மருந்தைப் பீனோல் கொண்டு செயலிழக்கச் செய்யும் முறையைக் கண்டறிந்தார். இதனால் மருந்தைத் தொலைவிடங்களுக்கு அனுப்ப இயன்றது. நோயாளி மருந்தைத் தேடிச் சென்ற காலம் மாறி, மருந்து நோயாளியைத் தேடிச் செல்லும் காலம் தொடங்கியது. இலங்கையில் டி சொய்சா குடும்பத்தாரின் கொடையால் 1899இல் கொழும்பில் அமைந்த நுண்ணுயிரியல் நிலையமே பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. செம்மறியாட்டு மூளையிலிருந்து ஆக்கப்படும் தடுப்பு மருந்து இலங்கையரின் தேவைக்கு நெடுங்காலம் அங்கேயே ஆக்கப்பட்டு வந்தது.

கோப்பிக் காட்டிலிருந்து தேயிலை மலைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊவா மலைகளிற் காடழித்துக் கோப்பி நட்டவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். 1869இல் கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதலில் மடுல்சீமைப் பகுதியில் அவதானிக்கப்பட்டது என்பது யாவரும் அறிந்ததே. கோப்பி வீழத் தேயிலை எழுந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. எனினும் பதுளை நகரைப் புகையிரதம் எட்டியது 1924ஆம் ஆண்டிலேயே. கொழும்பிலிருந்து பதுளைக்குள்ள பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமுடையது. பசறை, லுணுகலை, மடுல்சீமை முதலிய பகுதிகளுக்கு அதற்கப்பாலும் மலைவழி நடக்கவேண்டியிருந்தது.

தோட்டத்தில் இருவகை நாய்கள் வாழ்ந்தன. ஒருவகை பங்களா நாய்கள். ஆங்கிலேயர் தம் நாட்டு வேட்டை மரபையும் வேட்டை நாய்களையும் மலைநாட்டுக்குக் கொணர்ந்தனர். 1848இல் நுவரெலியாவில் குடியேற வந்த சாமுவேல் பேக்கர் தம்முடன் வேட்டை நாய்க் கூட்டத்தையும் கப்பலேற்றி வந்தவர். அவருக்கு முன்னரே ஊவாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் புகழ்பெற்ற மேஜர் ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடிவீழ்ந்து இறந்தார். இவ்வேட்டை மரபின் வழிவந்த தோட்டத்துரைமாரின் நாய்களுக்குப் பெயரும் கழுத்துப்பட்டியும் உணவும் பராமரிப்பாளனும் இருந்தன.

மற்றைய வகை லயத்து நாய்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான காம்பராக்கள் வரிசையாக அமைந்த லயத்தில், ஒரு குடும்பத்துக்கெனத் தனி முற்றமோ வேலியோ இல்லை. லயத்து நாயும் ஒரு காம்பராவுக்கு மட்டும் உரியதன்று. ஒரு வீட்டில் மிஞ்சிய ரொட்டியையும் மறுவீட்டில் எஞ்சிய சோற்றையும் உண்டு அது வாழ்ந்தது. இரவில் மரக்கறித் தோட்டத்துக்குட் புகும் பன்றியை விரட்டிற்று. சிறுத்தையின் வரவைக் குரைத்து உணர்த்திற்று. சிலவேளை அச்சிறுத்தைக்கே இரையுமாயிற்று. கொழுந்து பறிக்கப் பெற்றோர் மலைக்குச் சென்ற வேளையில் லயத்து வாசலிற் பிள்ளைகளோடு விளையாடியதும் அந்நாயே. அதற்கு உணவிட்டோர் பலர். உரிமையாளர் எனப் பெயர் எழுதத்தக்கவர் ஒருவருமில்லை. பின்வரும் பகுதியிற் கூறப்படுவனவற்றை விளங்கிக்கொள்ள இவ்வுண்மையை மனங்கொள்ளுதல் அவசியமாகும்.

சட்டம் சென்ற இடமும் நின்ற இடமும்

1893ஆம் ஆண்டுச் சட்டம் நோய் தோன்றிய பகுதிகளைப் பிரகடனஞ் செய்யவும், அங்கு கட்டின்றித் திரியும் நாய்களை அழிக்கவும் அதிகாரம் வழங்கிற்று. 1901ஆம் ஆண்டுச் சட்டம் நாய்களை ஆண்டுதோறும் கட்டணஞ் செலுத்திப் பதியுமாறு பணித்தது. இவ்விரண்டும் அக்காலப் பிரித்தானியச் சிந்தனையின் வழிவந்தவை. பிரித்தானியாவில் 1897 தொடக்கம் வால்டர் லோங் என்னும் அமைச்சர் நாய்களுக்கு வாய்க்கூடு பூட்டுமாறு பிறப்பித்த கட்டளைகள் கடுமையாக நிறைவேற்றப்பட்டன. கடல்வழி வரும் நாய்கள் தனிமைப்படுத்தப்பட்டன. 1902 அளவில் அத்தீவு நோயினின்றும் விடுபட்டது. முதலாம் உலகப்போரின் இறுதியில் மீண்டும் தலைகாட்டிய நோய் 1922இல் மறுபடியும் ஒழிக்கப்பட்டது.

இலங்கையும் ஒரு தீவு, ஆண்டவரும் அவரே. அங்கு பலித்த முறை இங்கு ஏன் பலிக்கவில்லை? உயிர்க்கொலைக்கு அஞ்சும் பௌத்த, சைவ மக்களின் மனப்பாங்கு ஒரு காரணமெனக் கூறப்படுவதுண்டு. அது உண்மையின் ஒரு பகுதியே. வாய்க்கூடு, பதிவு, கட்டணம், தண்டம் ஆகிய அனைத்தும் ஒரு நாய்க்கு ஓர் உரிமையாளன், அவனுக்கு ஒரு வேலியடைத்த வீடு, அவ்வீட்டுக்குப் பொறுப்பான ஓர் உள்ளூராட்சி மன்றம் என்னும் மூன்றையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வகுக்கப்பட்டவை. இலண்டன் நகரில் இம்மூன்றும் இருந்தன. லயத்தில் இம்மூன்றில் ஒன்றேனும் இருக்கவில்லை.

மூன்றாவது குறைபாடு சிறப்பாக ஆராயத்தக்கது. தோட்டம் என்பது தனியார் நிலம். அதன் எல்லைக்குள் துரையின் ஆணையே சட்டமாக விளங்கிற்று. கிராம சபைகளின் கைகள் அவ்வெல்லையோடு நின்றன. 1937ஆம் ஆண்டில் கிராமச் சபைகள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபொழுது இந்தியத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் அச்சபைகளுக்கு வாக்களிக்கும் உரிமையினின்றும் விலக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக அமைந்தது. அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீங்கியது. தெரு, குடிநீர், வாசிகசாலை ஆகியன தோட்டத்துக்குக் கிட்டாமற் போனமை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாய்களைப் பதிதலும் கட்டுப்படுத்தலும் அதே மன்றங்களின் கடமை என்பதனால், நோய்க்காப்பும் அதே எல்லையில் நின்றுவிட்டமை போதிய கவனத்தைப் பெறவில்லை.

தோட்ட மக்களின் உடல்நலத்தை அரசு முற்றாகப் புறக்கணித்தது என்று கூறுதல் பொருந்தாது. 1912இல் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டமும் தொழிலாளரிடையே நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டமும் நிறைவேறின. 1916இல் ரொக்கபெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களில் தொடங்கியது. கடல் கடந்து வருவோர் கொள்ளைநோயைக் கொணராதிருக்கும் பொருட்டு மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். இவற்றினிடையே ஓர் ஒற்றுமையைக் காணலாம். கொளுக்கிப்புழு ஆயிரக்கணக்கான தொழிலாளரின் உழைப்பாற்றலை உறிஞ்சிற்று. கொள்ளைநோய் துறைமுகங்களையும் வாணிகத்தையும் அச்சுறுத்திற்று. விசர்நாயோ ஒரு தோட்டத்தில் ஒரு பிள்ளையை, மற்றொரு தோட்டத்தில் ஒரு முதியவரைக் கொண்டுசென்றது. கொழுந்து நிறுவைக்கு அதனாற் குறைவு நேரவில்லை. உழைப்பைக் குறைத்த நோய்களே முதலிற் கவனிக்கப்பட்டன என்று கருத இடமுண்டு.

பதினான்கு ஊசிகள்

மருந்து கொழும்பிலும் பின்னர் பெருநகர் ஆஸ்பத்திரிகளிலும் கிடைத்தது. ஆயின் மருந்து கிடைத்தல் வேறு, மருத்துவம் பெறுதல் வேறு. செம்பிள் முறை மருந்தை வயிற்றில், தொப்புளைச் சுற்றி, நாளொன்றுக்கு ஓர் ஊசியாகப் பதினான்கு நாள்வரை ஏற்றவேண்டும். தோட்டத் தொழிலாளிக்குக் கூலி நாளாந்தக் கணக்கு. காலையிற் பிரட்டுக்களத்தில் நின்றாலன்றிப் பேர் விழாது. கடியுண்ட பிள்ளையோடு தாயொருத்தி பதினான்கு நாளும் நகருக்குச் செல்வதாயின் பதினான்கு நாட் கூலி போயிற்று. போக்குவரத்துச் செலவு வேறு. ஊசியோ நோவு மிக்கது. அன்றியும் ஆட்டு மூளைப் பொருள் கலந்த அம்மருந்து சிலருக்குக் கைகால் வழங்காமை முதலிய நரம்புக் கோளாறுகளையும் உண்டாக்கிற்று. இதனை அறிந்தோர் அஞ்சினர்.

இந்நிலையில் மந்திரித்தலும் மூலிகையும் கடிவாயில் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் அப்புதலும் மக்களின் புகலிடமாயின. இவற்றை அறியாமை என்று எளிதில் ஒதுக்கிவிடுவோர் ஒன்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். கடித்த நாய்கள் எல்லாம் விசர்நாய்கள் அல்ல. விசர்நாய் கடித்தவர் எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. ஆகவே மந்திரித்துப் பிழைத்தவர் ஊரிற் பலராகக் காணப்பட்டனர். அருகிலிருந்த மந்திரவாதி கூலியை இழக்கச் செய்யவில்லை. அவரை நாடியமைக்கு நம்பிக்கை மட்டுமன்றி நாட்கூலிக் கணக்கும் காரணமாயிற்று. ஆயின் பிழைத்தது மந்திரத்தால் அன்று என்பதை, அதே மந்திரவாதியிடம் சென்றும் இறந்தவர்கள் காட்டினர்.

இம்மருந்தின் வரலாறும் மலையகத் தமிழரின் வரலாறும் எதிர்பாராத ஓரிடத்திற் சந்திக்கின்றன. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையை விட்டுச் சென்றோருட் பலர் நீலகிரியிற் குடியேறினர். அவர்களுக்கென 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தின் தலைமையகம் அமைந்ததும் குன்னூரிலேயே. ஊவாவில் இருந்தபோது இந்நோய்க்கு மருந்து கிடைப்பது அரிதாயிருந்தவர்கள், நாட்டை விட்டு நீங்கிய பின்னர் அம்மருந்து ஆக்கப்படும் நிலையத்தின் அயலிலேயே மீண்டும் கொழுந்து பறித்தனர்.

கொல்லுதலிலிருந்து காத்தலுக்கு

1973ஆம் ஆண்டின் பேரிழப்பு அரசை விழிக்கச் செய்தது. 1975இல் நாடளாவிய விசர்நாய்க்கடி நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றுதல், கட்டாக்காலி நாய்களை அழித்தல், கடியுண்டோர்க்கு மருத்துவம் என்பன அதன் கூறுகள். அதே ஆண்டிற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டச் சுகாதாரமும் படிப்படியாகத் தேசிய சுகாதார சேவையோடு இணையத் தலைப்பட்டது. 1992இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றபோதிலும் இவ்விணைப்பு முற்றாக அறுந்துவிடவில்லை.

கட்டுப்பாட்டின் கூறுகளுள் எது பயனளித்தது என்பது வரலாற்று நோக்கில் முக்கியமான வினாவாகும். யப்பானில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் பதிவையும் கட்டாயத் தடுப்பூசியையும் ஒருங்கே விதித்தது. ஏழாண்டுகளில், 1957இல், நோய் ஒழிந்தது. தமிழ்த் தொழிலாளர் நிறைந்த மலாயாவிலும் 1950களின் தொடக்கத்திற் கட்டாயத் தடுப்பூசியே நோயைக் கட்டுக்குட் கொணர்வதிற் பெரும்பங்கு வகித்தது. நாயைக் கொன்று மட்டும் நோயை ஒழிக்க முனைந்த இடங்களில் அத்தகைய வெற்றி கிட்டவில்லை. இதன் காரணம் எளிது. ஒரு லயத்து நாயைக் கொன்றால் அதன் இடமும் அது உண்ட எச்சிற் சோறும் வெற்றிடமாகின்றன. அடுத்த பருவத்திற் புதிய குட்டி அவ்விடத்தைப் பற்றுகின்றது. கொல்லப்பட்ட நாய் தடுப்பூசி பெற்றதாயின், நோயெதிர்ப்புள்ள ஒரு நாய் நீங்கி, நோய்க்கு இடங்கொடுக்கும் ஒரு குட்டி வந்து சேர்கின்றது. அன்றியும் நாய்பிடிப்போன் வருகிறான் என்று அஞ்சியவர்கள் ஊசியேற்ற வரும் உத்தியோகத்தரிடமும் நாயை ஒளித்தனர். நாய்களை அகற்றுவதால் மட்டும் இந்நோயின் பரவல் குறைந்ததற்குச் சான்றில்லை என்று 1992இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறிற்று. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோயின் சங்கிலி அறுபடும் என்பதே ஆய்வுகளின் முடிவு.

இலங்கையில் நடந்த ஆய்வுகள் மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தின. தெருவில் திரியும் நாய்களிற் பெரும்பாலானவை எவரேனும் உணவிடுவனவே, அணுகிப் பிடிக்கத்தக்கனவே. ‘யாருக்கும் உரியதல்ல’ என்று சட்டம் கருதிய லயத்து நாய், உண்மையில் லயத்தார் அனைவர்க்கும் உரியது. பிள்ளையொன்று அழைத்தால் வாலாட்டி வரும் அந்நாய்க்கு ஊசியேற்றுதல் கடினமன்று. 2006இல் அரசு நாய்களைக் கொல்லுவதை நிறுத்தும் கொள்கையை மேற்கொண்டது. அதன்பின் கருத்தடையும் தடுப்பூசியும் முதன்மை பெற்றன. 1995 அளவில் ஆட்டு மூளை மருந்து கைவிடப்பட்டு, திசு வளர்ப்பு முறையில் ஆக்கப்படும் பாதுகாப்பான மருந்து வழக்கிற்கு வந்தது. ஊசிகளின் தொகை குறைந்தது; வயிற்றில் ஏற்றும் வழக்கம் ஒழிந்தது; அரச ஆஸ்பத்திரிகளில் அது இலவசமாகக் கிடைக்கின்றது. இவற்றின் பயனாக, 1973இல் 377ஆக இருந்த இறப்பு அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பது என்ற அளவிற்குக் குறைந்துள்ளது. கொலை நிறுத்தப்பட்ட பின்னரும் இறப்பு பெருகவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

வரலாறு உணர்த்தும் கடமைகள்

எஞ்சியுள்ள இறப்புகள் ஒவ்வொன்றும் தவிர்க்கக்கூடியவை. நாயோ பூனையோ கடித்தால் அல்லது கீறினால், கடிவாயைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். தோட்டத்துப் பீலியிலும் இது இயலும், செலவு ஒன்றுமில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டா. பின்னர் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் சென்று, குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் பெறுதல் வேண்டும். கடி கடுமையாயின் நோயெதிர்ப்புப் புரதமும் கடிவாயிற் செலுத்தப்படும். கடித்த விலங்கை உடனே அடித்துக் கொல்லாது பத்து முதல் பதினான்கு நாள்வரை கட்டிவைத்து அவதானித்தல் நன்று. அக்காலத்தில் அது நலமாயிருப்பின் கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் வைரசு இருக்கவில்லை என்பது தெளிவாகும். அவதானிக்கும் வரை மருத்துவத்தைத் தள்ளிப்போடுதல் மட்டும் கூடாது.

விலங்கைப் பேணுவோர்க்கும் கடமைகள் உள. குட்டி சிறியது என்று காத்திராது உரிய வயதில் முதல் ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் ஏற்றுவித்தல் வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிகளையும் தடுப்பூசித் திட்டத்துட் சேர்த்தல் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகின்றது. பிள்ளைகள் கையிலெடுத்துக் கொஞ்சுவது குட்டிகளையே என்பதை நோக்க இதன் நியாயம் விளங்கும். பூனையை மறத்தலும் பிழை. அது கூரைவழி பல வீடுகளுக்கும் சென்றுவருவது. கீரி, மரநாய் முதலிய காட்டு விலங்குகளோடும் பொருதுவது. மாட்டுப்பட்டியருகே விசர்நாய் புகுந்தாற் பசுவும் நோயுறும். பால் விற்றுக் கூலிக்குத் துணை சேர்க்கும் தோட்டக் குடும்பத்துக்கு அது பேரிழப்பு. உண்ணி அகற்றல், குடற்புழு மருந்து, மிச்ச உணவைத் திறந்த குவியலாக எறியாமை, வேண்டாத குட்டிகளைத் தேயிலைச் செடிகளிடையே விடாது தாய்க்குக் கருத்தடை செய்வித்தல் ஆகியன விலங்குக்கும் மனிதர்க்கும் ஒருங்கே நலம் பயப்பன.

இவையனைத்தும் தனிமனிதர் கடமைகள். இவற்றுக்கு மேலாக ஒரு பொதுக்கடமை உண்டு. 1947இல் தொடங்கிய மிருக வைத்தியக் கல்வி இன்று பேராதனையில் தனிப் பீடமாக வளர்ந்துள்ளது. 2005இல் பதுளையிலேயே தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் விலங்கு விஞ்ஞானத்தைக் கற்பிக்கின்றது. அறிவு மலைநாட்டுக்கே வந்துவிட்டது. அவ்வறிவு லயத்து வாசலை அடைய வேண்டுமாயின், ஊசியேற்றும் நாள் கொழுந்து பறிக்கும் நேரத்தோடு மோதாதிருத்தல் வேண்டும். அறிவித்தல் தமிழில் அமைதல் வேண்டும். கிராமத்துக்கு வரும் ஊர்தி தோட்டப் படலையில் திரும்பிவிடாது உள்ளே செல்லுதல் வேண்டும். உலக நிறுவனங்கள் 2030ஆம் ஆண்டுக்குள் நாய்வழி வரும் விசர்நோயால் ஒருவரும் இறவாத நிலையை இலக்காகக் கொண்டுள்ளன. மெக்சிக்கோ நாடு 2019இல் அவ்விலக்கை எய்தியதாக உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

ஊவாவின் அனுபவத்திலிருந்து தெளிவாவது இதுவே. நூற்றுக்கு எழுபது என்னும் கணக்கு ஒரு மாவட்டத்தின் சராசரியாக நிறைவேறினாற் போதாது. கிராமத்தில் தொண்ணூறும் அயலிலுள்ள தோட்டத்தில் இருபதுமாக அது அமையுமாயின், நோய் அவ்விருபதில் உயிர்வாழ்ந்து, ஒருநாள் வேலி தாண்டித் தொண்ணூறையும் தேடி வரும். மனிதர் வகுத்த எல்லையால் ஒரு சாராருக்குக் காப்பு மறுக்கப்பட்ட இடத்தில், மறுசாராருக்குங்கூட முழுமையான காப்பு கிட்டியதில்லை. 1893 முதல் 1973 வரையிலான எண்பதாண்டுகள் இவ்வுண்மைக்குச் சான்றாகின்றன.